அச்சு அசலாக ஒரு வீட்டுக்காரர்

மார்ச் 3
காலையிலேயே மூன்று பேண்ட்டுக்குக் கால் மடித்துத் தைத்தாயிற்று. மதியம் சாப்பிட வந்த வீட்டுக்காரர், தட்டைக் கழுவி வைத்துவிட்டு வேலைக்குப் போனார். கல்யாணமான நாளிலிருந்து நடக்காத அதிசயம். லிஃப்ட் ரிப்பேர் செய்கிற கைக்குத் தட்டு கழுவவும் வரும் என்று இன்றைக்குத்தான் தெரிந்தது.

மார்ச் 6
துண்டையும் மடித்து வைக்கிறார். கேட்டால், "நீ கொஞ்ச நாளா சரியாத் தூங்கறதில்ல, அதான்" என்கிறார். சிரிப்பு அவருடையதுதான். சிரிக்கிற ஆள்தான் அவர் மாதிரி இல்லை.

மார்ச் 7
இது அவர் இல்லை.

மார்ச் 8
நேற்று எழுதியதைப் படித்தால் எனக்கே சிரிப்பு வருகிறது. ஆனாலும் அவர் இல்லைதான். அச்சு அசலாக யாரையோ கொண்டுவந்து விட்டிருக்கிறார்கள். இவர் மோசமில்லை, குறட்டைகூட அதே சுருதி. ஆனால் என் ஆள் எங்கே? சாப்பிட்டாரா?

மார்ச் 11
தையல்காரியையா ஏமாற்றுவது? புதுச் சட்டை தைக்கிற சாக்கில் இவரை நிற்கவைத்து டேப்பைப் போட்டேன். என் ஆளுக்கு வலது தோள் அரை அங்குலம் இறக்கம். அவருக்கே தெரியாது, எனக்குத்தான் தெரியும். இவருக்கும் அதே அரை அங்குலம். கழுத்து, கை, எல்லாம் அப்படியே. வேறொருத்தியாக இருந்தால் நம்பியிருப்பாள். எனக்கோ பயம் பிடித்துக்கொண்டது. இவ்வளவு கச்சிதமாகச் செய்தவர்கள் லேசுப்பட்டவர்களா? டேப் கை நழுவி விழுந்தது. இவரே எடுத்துக் கொடுத்தார். "தேங்க்ஸ் சார்" என்றேன். மனுஷருக்கு முகம் சுண்டிப்போயிற்று.

மார்ச் 12
மகள் போனில் அழுகிறாள். "அம்மா, அது அப்பாம்மா." அவளையும் சரிக்கட்டிவிட்டார்கள்.

மார்ச் 15
இவர் வேலையிலிருந்து வருவதற்குள் கதவைத் தாழ்ப்பாள் போட்டுக்கொண்டேன். "எங்க வீட்டுக்காரரை எங்க வச்சிருக்கீங்க? அவருக்குத் தானா எடுத்துப் போட்டுச் சாப்பிடக்கூடத் தெரியாது" — இவர் வந்து தட்டியதும் கத்த ஆரம்பித்தது அழுகையில் முடிந்தது. என்னதான் ஆகுது எனக்கு? யாருகிட்டப் போய்க் கேக்கறது?

இவர் கதவை இடிக்கவில்லை, திட்டவில்லை. வெளியே படியில் உட்கார்ந்துவிட்டார். அங்கிருந்தே பேசினார். "சரிம்மா. நான் அவரு இல்ல. அவரைச் சேர்ந்தே தேடுவோம். ஒரு டாக்டரையும் கேட்டுப் பார்ப்போம். அதுவரைக்கும் துணைக்கு நான் இருக்கட்டுமா?"

இத்தனை நாளில் ஒருத்தராவது நியாயமாகப் பேசினாரே. கதவைத் திறந்தேன்.

மார்ச் 17
ஆஸ்பத்திரியில் நர்ஸ், "இவரு உங்களுக்கு யாரு?" என்று கேட்டாள். இவர் தரையைப் பார்த்துக்கொண்டு நின்றார்.

"வீட்டுக்காரர்" என்றேன்.

பாவம், மனுஷருக்குக் கண் கலங்கிவிட்டது. என் ஆள் கிடைக்கிறவரைக்கும்தான் என்பதை நான் வாய்விட்டுச் சொல்லவில்லை.