பின்சுவரில் நின்று கேட்ட கேள்வி

நவம்பர் 4, திங்கள்

அடுத்த வாரம் வெள்ளிக்கிழமை மேற்பார்வையாளர் வருகிறாராம். தலைமையாசிரியை போகிறபோக்கில் சொன்னார்: "உங்க தற்காலிக வேலை நீடிக்குமான்னு அன்னைக்குத்தான் முடிவாகும்."

என் நான்காம் வகுப்புக்கு என்ன குறை? பின்னங்கள் நடத்தி முடித்துவிட்டேன். கேள்வி கேட்டால் சிலேட்டில் எழுதித் தூக்கிக் காட்டுகிறார்கள். தப்பாக எழுதியவர்கள்கூட ஒருதரம் நிமிர்ந்து பார்த்துவிட்டு, அழித்து, சரியாக எழுதிவிடுகிறார்கள். தாங்களே திருத்திக்கொள்ளும் பிள்ளைகள்! இருந்தாலும் பயம். நான் பயந்தாங்கொள்ளி என்பது வீட்டில் எல்லோருக்கும் தெரிந்ததுதான்.

நவம்பர் 6, புதன்

குட்டு வெளிப்பட்டது. என்னுடைய குட்டு.

மூன்றில் ஒரு பங்கு பெரியதா, நான்கில் ஒரு பங்கு பெரியதா என்று கேட்டுவிட்டு வரிசைகளுக்கு இடையே நடந்தேன். முன்வரிசை வாயாடி, பக்கத்தில் இருந்தவளிடம் கிசுகிசுத்தாள்: "அழிச்சிடு, மிஸ் கண்ணாடியத் தொட்டுட்டாங்க."

மதியம் அவளைக் கூப்பிட்டுக் கேட்டேன். கொஞ்சமும் தயங்கவில்லை.

"தப்பா எழுதுனா மூக்குக்கண்ணாடியத் தொடுவீங்க மிஸ். சரின்னா அடுத்த வரிசைக்குப் போயிடுவீங்க. எல்லாருக்கும் தெரியுமே."

எல்லாருக்கும்! நான் அவர்களைக் கவனிக்கிறேன் என்று நினைத்துக்கொண்டிருந்தேன். அவர்கள் என்னைக் கவனித்து எழுதியிருக்கிறார்கள். அப்படியானால் யாருக்கு என்ன தெரியும்? எனக்குத் தெரியவில்லை. நிஜமாகவே தெரியவில்லை.

நவம்பர் 7, வியாழன்

பின்சுவரோடு ஒட்டி நின்று அதே கேள்வியைக் கேட்டேன். யாரும் திரும்பக்கூடாது, எழுதிய பக்கம் எனக்குத் தெரியும்படி சிலேட்டைத் தலைக்கு மேலே பிடிக்க வேண்டும் என்றேன். வழக்கத்தைவிட நேரமானது. பிறகு சிலேட்டுகள் உயர்ந்தன. முக்கால்வாசிப் பேருக்கு நான்கில் ஒன்றுதான் பெரியது. மூன்றைவிட நான்கு பெரிசாச்சே மிஸ், என்றான் ஒருவன்.

மணி அடிக்கும்வரை சுவரை விட்டு நகரவில்லை.

நவம்பர் 8, வெள்ளி

வீட்டில் இவரிடம் சொன்னேன். சிரித்துவிட்டார். "அடுத்த வெள்ளி வரைக்கும் கண்ணாடியத் தொட்டுக்கிட்டே இரு, வேலை நிலைக்கும்."

கேலிதான். ஆனால் நானும் அதையேதான் காலையிலிருந்து யோசித்துக்கொண்டிருக்கிறேன். யாருக்குத் தெரியப்போகிறது? பிள்ளைகள் காட்டிக்கொடுக்க மாட்டார்கள். சே, என்ன புத்தி இது. என்னை நினைத்தே எனக்குப் பயமாயிருக்கிறது.

நவம்பர் 11, திங்கள்

முதலிலிருந்து ஆரம்பிக்கிறேன் என்று தலைமையாசிரியையிடம் சொல்லிவிட்டேன். "ஆள் வர்ற நேரத்துல பின்னாடி போறீங்க. ஏதாவது ஆச்சுன்னா நான் பொறுப்பில்ல" என்றார்.

ஆளுக்கொரு காகிதப் பட்டை கொடுத்து மூன்றாக மடிக்கச் சொன்னேன். நான் எதுவும் சொல்லாமல் கைகளை மட்டும் பார்த்தேன். வாயாடியின் மடிப்பில் ஒரு துண்டு அகலம், ஒன்று விரல்கடை. மூன்று துண்டு வந்ததே போதும் என்று மடித்து வைத்துவிட்டாள். அவள் மட்டுமல்ல, அந்த வரிசை முழுக்க அப்படித்தான். சமமாக இருக்க வேண்டும் என்பதே இவர்களுக்குப் போய்ச் சேரவில்லை. அதற்கு மேல் நான் மாடி கட்டியிருக்கிறேன்.

நவம்பர் 13, புதன்

இன்னும் பாதிப் பேருக்குப் பிடிபடவில்லை. ஐயோ, நாளை மறுநாள்.

நவம்பர் 15, வெள்ளி

மேற்பார்வையாளர் நல்ல உயரமான அம்மாள். முகத்தில் சிரிப்பு மருந்துக்கும் இல்லை. நான்கில் ஒன்றா, எட்டில் ஒன்றா, எது பெரியது என்று கேட்டார். நான் பின்சுவருக்குப் போய்விட்டேன். அங்கங்கே தப்பு தெரிந்தது. தலைமையாசிரியையின் முகத்தில் ஈயாடவில்லை.

தப்பாக எழுதியவர்களில் வாயாடியும் ஒருத்தி. மேற்பார்வையாளர் அவள் பக்கத்தில் போய் நின்றார். அவள் சொன்னாள்: "எனக்கு மடிச்சுப் பாத்தாத்தான் தெரியும். பேப்பர் இருக்கா?"

அந்த அம்மாள் தன் கோப்பிலிருந்து ஒரு தாளை உருவிக் கொடுத்தார். அவள் நாக்கைக் கடித்துக்கொண்டு, ஓரத்தோடு ஓரம் வைத்து மடித்தாள். விரித்துப் பார்த்தாள். மறுபடி மடித்தாள். பிறகு சிலேட்டை அழித்து மாற்றி எழுதினாள்.

மேற்பார்வையாளர் என்னிடம் ஒரு வார்த்தை பேசவில்லை. போய்விட்டார். வேலை போனதுதான்.

நவம்பர் 18, திங்கள்

ஒரு தகவலும் இல்லை. இவரும் இப்போது கேலி செய்வதில்லை.

நவம்பர் 20, புதன்

மதிய இடைவேளையில் ஐந்தாம் வகுப்பு டீச்சர் வந்தார். பள்ளியிலேயே மூத்தவர், கெட்டிக்காரர் என்று பெயரெடுத்தவர். கதவைச் சாத்திவிட்டு, தன் வகுப்பிலும் ஒருமுறை பின்னால் நின்று கேட்க வேண்டும், நானும் கூட வர வேண்டும் என்றார். நானே இங்கே இருப்பேனோ என்னவோ என்றேன்.

"மேற்பார்வையாளரம்மா எழுதி அனுப்பிட்டாங்களாம், அடுத்த வருஷமும் இருக்கீங்க. உங்களக் கூட்டிக்கிட்டுப் போகச் சொன்னதே தலைமையாசிரியைதான்" என்றார். பிறகு குரலைத் தாழ்த்திக்கொண்டார். "தனியாப் பாக்க எனக்குப் பயமாயிருக்கும்மா."

போனேன். இருவரும் பின்சுவரோடு ஒட்டி நின்றோம். அவர் கேள்வியைக் கேட்டார். சிலேட்டுகள் உயர்வதற்குள் என் கையைப் பிடித்துக்கொண்டார். அவர் கை சில்லிட்டிருந்தது. என் கையும் அப்படித்தான்.