கொல்லை வழி

நிழல்பள்ளம் நிலையம், நிலவின் தென்முனை.
பணிக் குறிப்பு எழுதுவது: சுடலைவடிவு, சமையலும் தோட்டமும்.

ஐப்பசி 3, காலை 6.40
காற்று சரி. தண்ணீர் சரி. பழைய அணி பூமிக்குப் போய்விட்டது. புது அணி வரும்வரை நான் ஒருத்திதான். முள்ளங்கி நெருக்கமாக முளைத்திருந்தது. மெலிந்த நாற்றைப் பிடுங்கிவிட்டுத் தேறியதை விட்டேன். இரண்டு கதவும் சாத்தியிருக்கிறது. முன்கதவு ஆள் வர. தோட்டத்துப் பக்கம் இருப்பது சரக்கு இறக்க. அதை நான் கொல்லைக் கதவு என்றுதான் சொல்வேன். போன அணியின் அருள்வேந்தன் என் இரும்புச் சட்டியைத் தீய்த்துவிட்டு, சொல்லாமல் போயிருக்கிறான். தேய்த்துவிட்டேன். மறக்கமாட்டேன்.
தோட்டத்துக் கண்ணாடிக் கூண்டில் வேட்டி விரித்துக் கூழ்வடகம் பிழிந்திருக்கிறேன். பள்ளத்துக்குப் பெயர்தான் நிழல், விளிம்பில் நல்ல வெயில்.

ஐப்பசி 3, பகல் 11.15
பூமியிலிருந்து மருத்துவர் ஜெசிந்தா கூப்பிட்டாள்: "வடிவம்மா, சூரியப் புயல் வருது. கையில எது இருந்தாலும் போட்டுட்டுக் கீழறைக்கு ஓடுங்க."
நன்றாகத்தான் காதில் விழுந்தது. ஆனால் அபாயச் சங்கு ஊதியதும் கால் தோட்டத்துக்கு ஓடியது. மேகம் கறுத்தால் மொட்டைமாடிக்கு ஓடிப் பழகின கால். வேட்டியை நாலு முனையும் பிடித்துச் சுருட்டி, உதிர்ந்ததையும் பொறுக்கிக்கொண்டுதான் கீழே இறங்கினேன். கண்ணுக்குள் சின்னச் சின்னதாக வெள்ளை மின்னல். வலியில்லை.
சேதம்: கணினித் திரைகள் எல்லாம் கருகிவிட்டன, ஆகவே இதைக் காகிதத்தில் எழுதுகிறேன். ஒலிபெருக்கி மட்டும் பேசுகிறது. காற்று சுத்தம் செய்யும் இயந்திரம் பாதிதான் ஓடுகிறது. கதவுகளின் மின்சாரம் போய்விட்டது. இனி இரண்டும் உள்ளேயிருந்து கைப்பிடியைத் திருகினால்தான் திறக்கும். வெளியேயிருந்து உடைத்தால் உள்ளே இருக்கிற காற்று போய்விடும்.

ஐப்பசி 5, காலை 9.00
எவ்வளவு நேரம் கூண்டில் நின்றேன் என்று ஜெசிந்தா கேட்டாள். சொன்னேன்.
"வடகத்துக்காகவா போனீங்க?"
"அரிசி சும்மாவா முளைக்குது இங்க?"
பிறகு அவள் சொன்னதை அப்படியே எழுதுகிறேன். "மூளைக்குள்ள மைக்ரோக்ளியான்னு செல்லுங்க இருக்கு. துப்புரவுக்காரங்க மாதிரி. பிள்ளையா இருக்கப்ப மூளையில இணைப்பு தேவைக்கு மேல முளைக்கும். புழங்காத இணைப்பை இதுங்க தின்னு கழிக்கும். அப்பதான் மூளை தேறும். வளந்த பிறகு காவலுக்கு இருக்கும். இந்தப் புயலோட கதிர்வீச்சு பட்டா சில பேருக்கு வெறி புடிச்ச மாதிரி, திரும்பத் தின்ன ஆரம்பிச்சிடுது. நல்ல இணைப்பையும் சேர்த்து."
நான் முள்ளங்கிப் பாத்தியைப் பார்த்தேன்.
"எதைத் தின்னும், எதை விடும்?"
"அடிக்கடி நினைச்சது பலமா நிக்கும். எப்பவோ நினைச்சது முதல்ல போகும். மருந்தோட கப்பல் கிளம்பியாச்சும்மா. அதுவரைக்கும் முக்கியமானதைத் தினமும் சொல்லிக்கிட்டே இருங்க."

ஐப்பசி 6, காலை 7.30
என் மகன் எப்படிச் சிரிப்பான் என்று பார்த்தேன். முகம் வருகிறது, சிரிப்பு வரவில்லை. அவன் அப்பா என்னிடம் கடைசியாகப் பேசியதும் நினைவில் இல்லை. அது இருந்த இடம் தெரிகிறது, பல் விழுந்த ஈறு மாதிரி.
போகாமல் இருப்பது எது என்றும் பார்த்தேன். மூன்றாம் வகுப்பில் என் சிலேட்டை உடைத்தவள் போட்டிருந்த பாவாடையின் நிறம். கல்யாணத்தில் என்னை இரண்டாம் பந்திக்குத் தள்ளிய சின்ன மாமியாரின் மூக்குத்தி. அருள்வேந்தனின் சட்டி. ஒன்றுகூட மங்கவில்லை.
காலையில் பல் தேய்க்கும்போதும் அடுப்படியில் நிற்கும்போதும் நான் ஆயுசு முழுக்க நினைத்தது இதைத்தான். நல்லது செய்தவர்களை யார் தினமும் நினைக்கிறார்கள்?

ஐப்பசி 7, பகல் 12.20
கப்பலிலிருந்து குரல். என் தங்கை உலகம்மாள்.
"ஏ வடிவக்கா, நாந்தான். நீ ஊரான் வந்தா கதவு தெறக்க மாட்டியாம், டாக்டரு பயப்படுதா. அதான் என்னையும் ஏத்திட்டாவ. மூணு தரம் வாந்தி எடுத்துட்டேன், பாத்துக்கோ."
"உன்னை யாரு வரச் சொன்னது?"
"ஒன் வடகம் திங்கத்தான் வாரேன், போதுமா?"
சிரித்தேன். இவளைப் பற்றி எழுதிவிட வேண்டும், இப்போதே.
உலகம்மாள் வீடு கட்டிப் பால் காய்ச்சிய நாள். மூத்தவள் நான் போய்த்தான் அடுப்பில் செம்பை வைக்க வேண்டும். பேருந்து தாமதம். நான் பால்செம்போடு படியேறும்போது பால் பொங்கி வழிந்து முடிந்திருந்தது. அதில் காபி போட்டு பிளாஸ்டிக் குவளையில் என்னிடம் நீட்டினாள். இனி உன் வாசல் மிதிக்கமாட்டேன், என் வாசலில் நீ கால் வைக்கக் கூடாது என்று தெருவில் நின்று சொன்னேன். பதினாறு வருஷம் பேசவில்லை.
பிறகு என் மகன் இறந்து நான் படுத்த படுக்கையாகக் கிடந்தபோது அவள் வந்தாள். வாசல் வழியாக இல்லை. என் சொல் தவறக் கூடாதென்று கொல்லை வழியாக, வாழைக்குள் நுழைந்து, புடவையெல்லாம் சேறாக வந்தாள். மூன்று மாதம் எனக்குச் சோறு ஊட்டினாள். என்னைக் குளிப்பாட்டினாள்.
இது போகக் கூடாது. இதைத்தான் தினமும் சொல்ல வேண்டும்.

ஐப்பசி 8, காலை 8.00
தண்ணீர் சரி. காற்று கனமாக இருக்கிறது. உலகம்மாள் கதையை வாய்விட்டுச் சொன்னேன். பால், பேருந்து, குவளை, வாசல், சபதம், வாழை, சேறு, சோறு. எல்லாம் இருக்கிறது.

ஐப்பசி 9, காலை 8.10
பயமாக இருக்கிறது. அவள் கொல்லை வழியாக வந்ததைச் சொல்ல வேண்டுமென்றால் பாலிலிருந்துதான் ஆரம்பிக்க வேண்டியிருக்கிறது. ஒவ்வொரு தடவையும் முதலில் பால் பொங்குகிறது, குவளை நீள்கிறது, எனக்கு ரத்தம் கொதிக்கிறது. வாழைக்கு வந்து சேர்வதற்குள் மூச்சு வாங்கிப் பாதியில் நின்றுபோகிறேன். பாலுக்குத்தான் உரம் போட்டுக்கொண்டிருக்கிறேன்.
நடுவிலிருந்து ஆரம்பித்துப் பார்த்தேன். சேறு. யார் புடவையில் சேறு?

ஐப்பசி 10, நேரம் பார்க்கவில்லை
மேலே எழுதியதைப் படித்தேன். அவள் வந்தாள் என்று இருக்கிறது. எதற்கு வந்தாள்? சோறு ஊட்டினாளாம். எனக்கென்ன கை இல்லையா?
குவளை ஞாபகம் இருக்கிறது. விளிம்பில் பச்சைக் கோடு. காபியில் ஆடை.
ஒரு பெண் ஒலிபெருக்கியில் அம்மா அம்மா என்கிறாள். மருந்து, காற்று, நாளைக்கு, கைப்பிடி என்கிறாள். "கதவைத் திறக்கலைன்னா காற்று பத்தாதும்மா." யாரோ படித்தவள். மரியாதையாகத்தான் பேசுகிறாள்.
முள்ளங்கியை எல்லாம் யாரோ பிடுங்கிப் போட்டிருக்கிறார்கள். என் நகத்தில் மண்.

ஐப்பசி
தட்டுகிறார்கள். ஒலிபெருக்கியில் ஒரு குரல்.
"அக்கா, நான் உலகம்மா வந்திருக்கேன். கைப்பிடியைத் திருகு."
அந்தக் குரலை எனக்குத் தெரியும். நடுத்தெருவில் நின்று சொன்னேன், என் வாசலில் கால் வைக்கக் கூடாதென்று. வெட்கமில்லாமல் வந்து நிற்கிறாள்.
இந்தக் காகிதத்தில் அவள் நல்லவள் என்று எழுதியிருக்கிறது. என் எழுத்து மாதிரியே இருக்கிறது. அவள் எழுதி உள்ளே வைத்திருப்பாள். கெட்டிக்காரி.
தலை கிறுகிறுக்கிறது. உட்கார்ந்துகொண்டேன்.

தட்டுவது நின்றுவிட்டது.

மறுபடி தட்டுகிறாள். இந்தப் பக்கம் இல்லை. தோட்டத்துப் பக்கம்.
"வடிவக்கா, வாசல் வேண்டாம்ளா. ஒன் சொல்லு ஒன் சொல்லாவே இருக்கட்டும். நான் கொல்லை வழியா வாரேன். அன்னைக்கு வந்தேம்லா, அதே மாதிரி. தெற அக்கா. இங்கயே காத்துக்கிட்டு இருக்கேன்."
கொல்லை வழியாகத் திருடிதான் வருவாள். அரிசி மூட்டையை இழுத்துப் போட்டு அடைத்துவிட்டேன். கைப்பிடியில் வேட்டியைச் சுற்றி இறுகக் கட்டியும் ஆயிற்று. தரையெல்லாம் வடகம். மூச்சு வரவில்லை. பொறுக்க வேண்டும்

அழுகிறாள். அழட்டும்

பால் பொங்கிவிட்டது. எனக்காக யாரும் காத்திருக்கவில்லை