நாற்பதாம் ஜாடி

மார்ச் 3

என் அன்பு அக்காவுக்கு,

வாலு எழுதுகிறேன். நலமா என்று கேட்கவே பயமாக இருக்கிறது, கேட்டால் உடனே ஏதாவது சுள்ளென்று வரும். அத்தான் போனதிலிருந்தே உனக்கும் போனுக்கும் ஆகாது. அடித்து அடித்து என் விரல்தான் தேய்ந்தது. உன் லேபுக்கு அடித்தால் அட்டெண்டர் எடுத்து, "டாக்டரம்மா கை ஈரமா இருக்காம்" என்கிறார். எப்போது அடித்தாலும் உன் கை ஈரமாகவே இருக்குமா? சரி, பேப்பரில் எழுதினாலாவது படிப்பாய்.

இங்கே எல்லோரும் சௌக்கியம். பெரியவளுக்குக் கண்ணாடி போட்டாயிற்று. சின்னவனுக்கு முன்பல் விழுந்துவிட்டது, சிரிக்கும்போது அச்சு அசல் உன் சின்ன வயசு முகம். உன் தம்பி பெண்டாட்டி, நான் ஆஸ்பத்திரியையே கட்டிக்கொண்டிருக்கலாம் என்கிறாள். நின்று நின்று எனக்கு இடுப்பு போய்விட்டது.

ஒரு சந்தோஷ சமாசாரம். நம் கட்டுரை கிட்டத்தட்ட முடிந்துவிட்டது, இதழுக்கு அனுப்ப வேண்டியதுதான் பாக்கி. ஈரல் புற்றுநோய் வந்து, மாற்று ஈரல் வைத்தவர்களில் மூன்று வருடம் கழித்து எத்தனை பேர் உயிரோடு இருக்கிறார்கள் என்ற கணக்கு. கட்டி ஐந்து சென்டிமீட்டருக்குள் இருந்தவர்களை மட்டும்தான் கணக்கில் சேர்த்திருக்கிறோம். அதற்கு மேல் போனால் புது ஈரலிலும் நோய் திரும்ப வந்துவிடும், உனக்குத் தெரியாததா. நாங்கள் வெளியே எடுத்த பழைய ஈரல்களையெல்லாம் வெட்டி அளந்தவள் நீ. உன் அளவுதான் இந்தக் கட்டுரைக்கு முதுகெலும்பு. மேடையில் நான் நின்றாலும் கைதட்டல் உனக்குத்தான்.

ஒரே ஒரு சின்ன உதவி. அந்த ஈரல்களை நீ போட்டு வைத்திருக்கும் ஜாடிகளில் 12, 31, 40, 57 என்று நாலு இருக்கும். நாலையும் எடுத்து மறுபடி ஒரு தடவை அளந்து பார்க்கிறாயா? அவசரமில்லை. இந்த மாதத்துக்குள் போதும்.

உன் செல்லத் தம்பி,
வாலு


மார்ச் 9

அன்புள்ள வாலுவுக்கு,

உன் கடிதம் கிடைத்தது. டீ குடித்துக்கொண்டே படித்தேன். "முதுகெலும்பு" வந்ததுமே டம்ளரைக் கீழே வைத்துவிட்டேன். நீ எனக்கு ஐஸ் வைத்தால் பின்னாலேயே ஒரு வேலை வரும் என்பது எனக்கு உன் பால்பல் காலத்திலிருந்தே தெரியும்.

பிள்ளைகளைப் பற்றி எழுதியது நன்றாக இருந்தது. பெரியவளைப் படுத்துக்கொண்டு படிக்க வேண்டாம் என்று சொல்.

இங்கே புதிதாகச் சொல்ல ஒன்றுமில்லை. வாசனைதான் இருக்கிறது. ஜாடியில் ஊற்றுகிற ஃபார்மலின் என் தலைமுடியில், துணியில், தலையணை உறையில் எல்லாம் ஏறிவிட்டது. போன வாரம் லேபைப் பார்வையிட வந்த பெரியவர் ஒருவர் மூக்கைக் கைக்குட்டையால் பொத்திக்கொண்டே எங்கள் சேவையைப் புகழ்ந்தார். எங்கள் டெக்னீஷியன் பெண் அந்தப் பக்கம் திரும்பிச் சிரித்தாள். எனக்குச் சிரிப்புக்கூட வரவில்லை. சமீப காலமாக எதைப் பார்த்தாலும் குமட்டிக்கொண்டுதான் வருகிறது.

நீ கேட்ட நாலையும் அளந்தேன். பன்னிரண்டும் முப்பத்தொன்றும் ஐம்பத்தேழும் ஒரே மதியத்தில் முடிந்துவிட்டன. நாற்பதைத் தொட எனக்கு இன்னொரு நாள் தேவைப்பட்டது. ஏனென்று உனக்குச் சொல்ல வேண்டியதில்லை. எதிலும் மாற்றமில்லை. ஈரல் வந்த அன்றே, ஃபார்மலினில் போடுவதற்கு முன்பு அளந்து எழுதியவை அவை. ஊறிய பிறகு மயிரிழை சுருங்கியிருக்கிறது, அது எல்லாவற்றுக்கும் உள்ளதுதான்.

அலமாரி முழுக்க ஜாடி இருக்க, குறிப்பாக இந்த நாலை ஏன் கேட்டாய்? பூசி மெழுகாமல் சொல்.

அக்கா


மார்ச் 15

என் அன்பு அக்காவுக்கு,

நீ கேட்டால் நான் எதை மறைத்திருக்கிறேன்? மனம் விட்டே எழுதுகிறேன். படித்ததும் கிழித்துவிடு.

12, 31, 40 மூன்றும் கட்டி ஐந்துக்குள் என்று நீ எழுதியவை. மூன்று பேருக்கும் நோய் திரும்பி வந்து போய்ச் சேர்ந்துவிட்டார்கள். 57 ஸ்கேனில் சின்னதாகத் தெரிந்தது, நீ வெட்டிப் பார்த்து ஆறு சென்டிமீட்டர் என்று எழுதியிருக்கிறாய். ஆனால் மனுஷர் குத்துக்கல்லாட்டம் இருக்கிறார். பஸ் கம்பெனி முதலாளி, தினமும் நடைப்பயிற்சி போகிறாராம். என் நிலைமையைப் பார். சாகிறவர்கள் கணக்குக்கு உள்ளே, பிழைக்கிறவர் வெளியே! அந்த மூன்றும் ஐந்தரை, ஆறு சென்டிமீட்டர் என்று இருந்தால் கணக்கை விட்டு வெளியே போய்விடும். 57 நாலரை என்றால் உள்ளே வந்துவிடும். அவ்வளவுதான் விஷயம். நூற்றுக்கு எழுபதுக்குக் கீழே தொங்குகிற எண்ணிக்கை நிமிர்ந்துவிடும்.

ஃபார்மலினில் சதை சுருங்கும் என்று எனக்குச் சொல்லிக்கொடுத்ததே நீதான். ஊறிச் சுருங்கினதால்தான் சின்னதாகத் தெரிந்தது என்று அதையே காரணமாக எழுதலாம். எல்லா இடத்திலும் நடப்பதுதான், யாரும் வாய் விட்டுச் சொல்வதில்லை. இந்தக் கட்டுரை வந்துவிட்டால் துறை என் கைக்கு வருகிறது. அதற்கப்புறம் எத்தனை பேருக்கு நல்லது செய்யலாம் என்று யோசித்துப் பார்.

அக்கா, போனவர்களுக்கு இதனால் ஒன்றும் ஆகப்போவதில்லை. யாருக்கும் வலிக்காது.

வாலு


மார்ச் 18

தம்பிக்கு,

உன் கடிதத்தைக் கிழிக்கவில்லை. படித்து முடித்து எழுந்து போய்க் கையைக் கழுவினேன். பத்து நிமிஷம் சோப்புப் போட்டுத் தேய்த்திருப்பேன். இருபத்தைந்து வருஷமாக அழுகினது, சீழ் வைத்தது எல்லாவற்றிலும் கை வைத்தவள் நான். ஒரு நாளும் என் கை இப்படிக் கூசினதில்லை.

செத்தவன் கட்டி மட்டும்தான் ஃபார்மலினில் சுருங்குமா? பஸ் முதலாளியின் கட்டி மட்டும் அதே ஃபார்மலினில் ஊறி உப்புமா? எந்தக் காலேஜில் இதைப் படித்தாய்? நாம் இரண்டு பேரும் ஒரே காலேஜ்தானே.

நாற்பது யார் என்று உனக்குத் தெரியாது என்று ஒரு நிமிஷம் நினைக்கப் பார்த்தேன். உனக்காக நானே சப்பைக்கட்டுக் கட்டினேன். எண்ணை மட்டும் பார்த்திருப்பான், வேலை மும்முரத்தில் பெயரைப் பார்த்திருக்க மாட்டான் என்று. தெரியாவிட்டால் இப்போது தெரிந்துகொள். நாற்பது உன் அத்தான். என் வீட்டுக்காரர். உன்னை சைக்கிளில் முன்னால் உட்கார வைத்து என்ட்ரன்ஸ் பரீட்சைக்குக் கூட்டிப்போனவர்.

அன்றைக்கு என்ன நடந்தது என்று மறந்துவிட்டாயா? நீ அங்கே அவருக்குப் புது ஈரலைத் தைத்துக்கொண்டிருந்தாய். பழையது பக்கெட்டில் எனக்கு வந்தது. லேபில் இன்னொரு டாக்டர் லீவு. டெக்னீஷியன் பெண், "நாளைக்கு வச்சுக்கலாம் மேடம்" என்று கெஞ்சினாள். மற்றவர்களுடையதை வந்த அன்றே வெட்டுகிறேன், இவருடையதை மட்டும் ஏன் காக்க வைக்க வேண்டும் என்று நானே கத்தியை எடுத்தேன். ஈரல் முழுக்கக் கரடுமுரடாக, கூழாங்கல் மாதிரி முடிச்சு முடிச்சாக இருந்தது. நடுவே வெளிறிய மஞ்சளில் அந்த உருண்டை, பித்தம் பட்ட இடம் பச்சை. இவ்வளவு அசிங்கத்தை வைத்துக்கொண்டா இந்த மனுஷன் என்னைச் சிரிக்க வைத்துக்கொண்டிருந்தார் என்று நினைத்தேன். ஸ்கேலை வைத்தேன். நாலு புள்ளி ஆறு.

ஆபரேஷன் முடிந்து முதல் வேலையாக நீ போன் செய்தாய். அளவு என்ன என்றாய், சொன்னேன். "தப்பிச்சோம்கா" என்று நீ கத்தியது இன்னும் என் காதில் இருக்கிறது. நீ அங்கே அழ, நான் கையுறையோடு இங்கே அழ, அந்தப் பெண் என் காதில் போனைப் பிடித்துக்கொண்டு நின்றாள். அந்த நாலு புள்ளி ஆறை நம்பித்தான் நானும் அவரும் பதினான்கு மாதம் வாழ்ந்தோம். நுரையீரலில் திரும்ப வந்தபோதும் அவர் உன்னைக் குறை சொல்லவில்லை. "அவன் சரியாத்தான் செஞ்சான், என் நேரம்" என்றார்.

இப்போது அது ஐந்தரையாக வேண்டுமா? ஐந்தரை என்றால் விதிப்படி அவருக்கு ஈரல் வைத்திருக்கவே கூடாது. விபத்தில் போன யாரோ ஒரு பையனுடைய ஈரல் அது. பெற்றவள் மனசைக் கல்லாக்கிக்கொண்டு கொடுத்தது. அதை வாங்கித் தகுதி இல்லாத என் புருஷனுக்கு வைத்தாய் என்று என்னையே எழுதச் சொல்கிறாய். உன் சதவீதத்துக்காக அவர் திருடர் ஆக வேண்டும், அதில் நான் கையெழுத்துப் போட வேண்டும். சீ.

யாருக்கும் வலிக்காது என்று எழுதினாயே, எனக்கு வலிக்கிறது.

ஒன்று செய். நேரில் வா. நாற்பதாம் ஜாடியைத் திறந்து தருகிறேன். நீயே உன் கையால் எடுத்து, நீயே ஸ்கேல் வைத்து, உன் அத்தான் முகத்தை நினைத்துக்கொண்டு ஐந்தரை என்று வாய் விட்டுச் சொல். வந்து சொல்லிவிட்டுப் போ.

அக்கா


மார்ச் 24

அக்கா,

நீ உணர்ச்சிவசப்படுவாய் என்று தெரிந்துதான் எண்ணை மட்டும் எழுதினேன். ஆமாம், எனக்குத் தெரியும். தெரியாமல் இருக்குமா? அத்தான் இருந்திருந்தால், "மச்சானுக்குத்தானே, எழுதிக் கொடு" என்று சிரித்துக்கொண்டே சொல்லியிருப்பார். உனக்கே அது தெரியும்.

வர எனக்கு நேரமில்லை. கோபத்தில் நீ அளக்கவும் வேண்டாம். எங்கள் ஆஸ்பத்திரியிலேயே இப்போது புதிதாக ஒரு நோயியல் டாக்டர் சேர்ந்திருக்கிறார், சொன்னால் புரிந்துகொள்கிறவர். புதன்கிழமை வேனோடு டிரைவரை அனுப்புகிறேன். நாலு ஜாடியையும் மூடியை இறுக்கி அவரிடம் கொடுத்துவிடு. மீதியை நாங்கள் பார்த்துக்கொள்கிறோம். கட்டுரையில் உன் பெயரை என் பெயருக்கு அடுத்தபடியாகவே போடுகிறேன், அதில் மாற்றமில்லை.

சின்னவன் அத்தை எப்போது வருவாள் என்று கேட்கிறான்.

வாலு


ஏப்ரல் 2

ஈரல் அறுவை மருத்துவர் அவர்களுக்கு,

வணக்கம். தாங்கள் அனுப்பிய வேன் புதன்கிழமை வந்து சேர்ந்தது. டிரைவர் வெயிலில் வந்திருந்தார். உட்கார வைத்து டீ கொடுத்து, வேனைக் காலியாகவே திருப்பி அனுப்பினோம். ஜாடிகள் இந்த ஆய்வகத்தின் பொறுப்பில் உள்ளவை. பார்க்க விரும்புவோர் நேரில் வந்து, என் முன்னிலையில் பார்க்கலாம்.

தாங்கள் எழுத்து மூலம் கேட்டுக்கொண்டபடி நான்கையும் மறு அளவு செய்தோம். 12, 31, 40 ஆகியவற்றில் கட்டி ஐந்து சென்டிமீட்டருக்குள்ளேயே இருக்கிறது. 57-இல் ஐந்துக்கு மேல் இருக்கிறது. முந்தைய அறிக்கைகளில் திருத்தம் எதுவும் தேவையில்லை. கட்டுரையிலிருந்து என் பெயரை நீக்கிவிடவும்.

மறு அளவு கேட்டுத் தாங்கள் எழுதிய கடிதங்கள் பத்திரமாக உள்ளன. அவற்றின் நகல்கள், இந்த அறிக்கையோடு, கட்டுரையைப் பரிசீலிக்கவிருக்கும் இதழின் ஆசிரியருக்கு இன்றைய தபாலில் அனுப்பப்பட்டுள்ளன.

இத்தகைய அறிக்கைகளில், அளந்தவருக்கு உள்ள சொந்த பந்தங்களைத் தெரிவிப்பது இதழின் விதி. அதன்படி நாற்பதாம் எண் குறித்துத் தெரிவிப்பது:

நோயாளி எனக்கு என்ன உறவு: கணவர்.

அறுவை செய்தவர் எனக்கு என்ன உறவு: எதுவும் இல்லை.

இப்படிக்கு,
நோயியல் மருத்துவர்