கல்வாழைக்கு ஊற்றிய தண்ணீர்

என் அருமை மாப்பிள்ளைக்கு,

ஒருவரும் நம்பாத கதை ஒன்றைச் சொல்லப்போகிறேன் என்று பெங்களூர் ஆடுகோடியில் இருக்கும் நம் பட்டறையின் தகரக் கூரைமேல் ஆணையிட்டு உறுதி சொல்கிறேன். நீயும் நம்ப மாட்டாய். இருந்தபோதே என் பேச்சில் முக்கால்வாசியைத் தள்ளுபடி செய்தவன் நீ.

ஊருக்கு முன்னால் நீ என் தங்கை வசந்தாவின் கணவன், ஆகவே 'நீங்கள்'. பட்டறைக்குள் என் பழைய கூட்டாளி, ஆகவே 'நீ'. இது பட்டறையில் உட்கார்ந்து எழுதுகிற கடிதம். மரியாதையைச் செருப்போடு வாசலிலேயே விட்டுவிட்டேன்.

உன் மேஜையைப் பற்றித்தான். மேஜை என்றதும் சாப்பாட்டு மேஜையை நினைக்கிறவர்களுக்காகச் சொல்லிவிடுகிறேன். கம்ப்யூட்டரில் ஒரு படம் வரைந்தால், மேஜைமேல் கிடக்கும் இரும்புத் தகட்டில் பிளாஸ்மா நெருப்பு தானே நகர்ந்து அதே படத்தை வெட்டும். வெளிநாட்டிலிருந்து வரவழைத்தால் வீட்டை விற்க வேண்டும். நீயோ சிவாஜிநகரில் குஜிரி என்கிற பழைய இரும்புக் கடைகளில் பழைய மெஷின்களின் மோட்டார்களையும் எவனோ கழித்துப்போட்ட கம்ப்யூட்டரையும் பொறுக்கி வந்து நீயே கட்டினாய். நானும் உதவினேன். என்ன உதவி என்று கேட்காதே. ஓசூர் ரோடு முழுக்க அதன் புகழைப் பரப்பியது யார்? முதல் தீப்பொறி பறந்தபோது விடிந்துவிட்டதென்று கிருஷ்ணகிரியில் கோழி கூவியதாக நான் சொன்னதை டீக்கடையில் இன்றைக்கும் நம்புகிறவர்கள் உண்டு.

இத்தனையும் எதற்கு? வசந்தா வாசலில் போடும் கோலம் இந்த ஊர் மழையில் அரை மணி நேரம் நிற்காது. "அழியாத கோலம் ஒண்ணு போட்டுத் தரேன்" என்று அவளிடம் சொல்லிவிட்டாய். இரும்பில், வீட்டு கேட்டில். முதல் தடவை அவளுடைய சிக்குக் கோலத்தை அப்படியே வெட்டினோம். கோடு எங்கும் அறுபடாமல் சுற்றி வந்து முடிந்ததும், நடுவில் இருந்ததெல்லாம் பொத்தென்று அடியிலிருந்த தண்ணீர்த் தொட்டிக்குள் விழுந்தது. தகட்டில் மிஞ்சியது ஒரு பெரிய ஓட்டை.

"இதுதான் லேட்டஸ்ட் டிசைன்னு சொல்லிடுவோம் மாப்ளே," என்றேன்.

"ஓட்டைன்னே சொல்லிடலாம் மச்சான்," என்றாய்.

உன் மகள் பவித்ராதான், கோடுகளுக்கு நடுவே அங்கங்கே வெட்டாமல் ஒட்டு விட வேண்டும் என்று படத்தைத் திருத்திக் கொடுத்தாள். புதுத் தகடும் வந்தது. அதை வெட்டுவதற்குள், கார்த்திகையில் ஒரு காலை, டீ கிளாஸை மேஜை விளிம்பில் வைத்துவிட்டு நெஞ்சைப் பிடித்துக்கொண்டாய்.

எமனை நான் ஓசூர் எல்லை வரை துரத்தினேன் என்று எழுதத்தான் நினைத்தேன். வரவில்லை. ஆட்டோ கிடைக்கவில்லை, மாப்ளே. அவ்வளவுதான் நடந்தது.

அதற்குப் பிறகு மேஜையை யாரும் தொடவில்லை. பங்குனியில் வசந்தா என்னைக் கூப்பிட்டாள். "அண்ணா, ஓடும்னா ஓட்டு. ஓடாதுன்னா குஜிரிக்காரனை வரச் சொல்லு. அது சும்மா நிக்கிறதை என்னால பாக்க முடியல. அவரே பேசாம நிக்கிற மாதிரி இருக்கு." சனிக்கிழமை வரைக்கும் தவணை கேட்டு வாங்கினேன்.

எலெக்ட்ரானிக் சிட்டிக்குக் கம்பெனி பஸ் ஏறுகிற பவித்ரா, அந்த வாரம் லீவு போட்டுவிட்டு என்னோடு பட்டறைக்கு வந்தாள். நெருப்பில்லாமல் ஓட்டினால், வெட்டும் முனையான டார்ச் சமர்த்தாகப் போகிறது. நெருப்பு பற்றிய மறுகணம் பேய் பிடித்தாற்போல இங்கும் அங்கும் பாய்கிறது. கோலம் போடச் சொன்னால் கபடி ஆடுகிறது. ஒயரை மாற்றினோம். கம்ப்யூட்டரை மாற்றினோம். எலுமிச்சம்பழம்கூடக் கட்டினேன்.

"அப்பா இருந்தப்போ நல்லாதானே மாமா ஓடிச்சு?"

"துக்கம்மா. மெஷினுக்கும் துக்கம் இருக்கும்ல. உங்கப்பா போனதிலேருந்து அது சோறு தண்ணி எடுக்கல."

"கதை விடாதீங்க மாமா," என்றாள். சொல்லிவிட்டு முகத்தைத் திருப்பிக்கொண்டாள்.

சனிக்கிழமை குஜிரிக்காரன் அனுப்பிய டெம்போ வந்துவிட்டது. வசந்தாவும் வந்தாள். மேஜையைப் பார்க்க மனமில்லாமல் பின்சுவர்ப் பக்கம் போய் நின்றாள். அங்கிருந்து குரல் கொடுத்தாள்.

"ஏண்ணா, இந்தக் கல்வாழை ஏன் இப்படிக் காஞ்சு கெடக்குது? தெனமும் ரெண்டு குடம் ஊத்துவாரே. நீ ஊத்தலியா?"

நான் ஊற்றவில்லை. அந்தக் கல்வாழையை வைத்து உன்னை எத்தனை கேலி செய்திருப்பேன். ஒரு நாள் நீ குடத்தோடு நின்றுகொண்டே சொன்னாய்: "இது காஞ்சா மெஷினுக்குப் பைத்தியம் பிடிச்சிடும் மச்சான்." பொய்யே சொல்லத் தெரியாத மனிதன் கடைசியில் என் தொழிலுக்கு வந்துவிட்டான் என்று உன் முதுகில் தட்டிச் சிரித்தேன். நீ மேற்கொண்டு ஒன்றும் விளக்கவில்லை. ஏன் மாப்ளே? நான் சிரித்த சிரிப்பிலா?

பவித்ரா செடியருகே உட்கார்ந்து மண்ணைக் கிளறினாள். மேஜைக் காலிலிருந்து வந்த செம்பு ஒயர், செடிக்கு அடியில் கரியும் உப்பும் போட்டு நீ மூடிய குழிக்குள் இறங்கியது. குழி சாம்பலாகக் காய்ந்திருந்தது.

"எர்த்து, மாமா. மண்ணுல ஈரமில்ல. நெருப்பு எரியறப்போ கெளம்புற கரண்ட் எறங்க வழியில்லாம மோட்டார் ஒயர்ல பூந்திருக்கு."

"லோட் மாட்லா சார்?" என்று, மேஜையை ஏற்றலாமா எனக் கன்னடத்தில் கேட்டார் டெம்போக்காரர்.

"ஸ்வல்ப இரி," கொஞ்சம் பொறுங்கள் என்று வசந்தாவே அவரை நிறுத்தினாள். குடத்தை எடுத்தாள். ஊற்ற ஊற்ற மண் குடித்துக்கொண்டே இருந்தது.

பிறகு பவித்ரா பித்தானைத் தட்டினாள். வானத்தில் தேவர்கள் எல்லோரும் கறுப்புக் கண்ணாடி மாட்டிக்கொண்டு எட்டிப் பார்த்தார்கள். சட்டசபைக் கட்டடமான விதான சவுதாவின் கண்ணாடி ஜன்னல்களில் நீல ஒளி அடித்தது. டார்ச் ஆடவில்லை, மாப்ளே. புள்ளியைச் சுற்றி வளைந்து, அடுத்த புள்ளிக்கு இறங்கி, நிதானமாகப் போனது. வெல்டிங் கண்ணாடியைக் கண்ணுக்கு நேரே பிடித்தபடி, "என் கை போற மாதிரியே போகுதுண்ணா," என்றாள் வசந்தா. அப்புறம் அழுதாள். கார்த்திகைக்குப் பிறகு அவள் அழுது அன்றைக்குத்தான் பார்த்தேன்.

டெம்போ காலியாகவே திரும்பியது. கேட்டை மாட்டியாகிவிட்டது. நேற்று நல்ல மழை. இன்று காலை வெயில் வந்ததும், வெட்டிய கோடுகளின் வழியே வெளிச்சம் இறங்கி, வாசலில் கோலமாக விழுந்தது. வசந்தா அதை மிதிக்காமல் தாண்டிப் போனாள். நீ பார்த்திருக்க வேண்டும்.

இந்தக் கதையை டீக்கடையிலும் சொன்னேன். தேவர்களைக்கூட ஒருவாறு ஒத்துக்கொண்டார்கள். செடி காய்ந்தால் மெஷினுக்குப் பைத்தியம் பிடிக்கும் என்பதை மட்டும் ஒருவரும் ஏற்கவில்லை. நான் உன்னைப் பார்த்துச் சிரித்தது போலவே சிரித்தார்கள்.

இனி தினமும் அந்தக் கல்வாழைக்கு நான் ஊற்றுவேன். மழை பெய்த நாளிலும் ஊற்றுவேன். தேவர்களும் கோழியும் என் சரக்கு. அந்தச் சின்ன விஷயம் உன்னுடையது. அது மட்டும் உண்மை.

உன் சொல்லை ஒரே ஒரு தடவை நம்பத் தவறிய,
வசந்தாவின் அண்ணன்,
உன் மச்சான்.