சறுக்குமரத்தைப் படம் எடுத்தவன்

பிப்ரவரி 3, திங்கள்

மகள் சுண்டுவுக்கு நாலு வயதுத் தடுப்பூசி. நர்ஸ் அட்டையைப் பார்த்தார், என்னைப் பார்த்தார், எனக்குப் பின்னால் யாராவது வருகிறார்களா என்று கதவைப் பார்த்தார்.

"அம்மா வரலையா?"

"வேலைக்குப் போயிருக்காங்க."

"குழந்தைக்கு அலர்ஜி ஏதாவது இருக்கான்னு கேக்கணும். அம்மாவுக்கு ஒரு போன் போட்டுத் தர்றீங்களா?"

முட்டையில் வெள்ளைக்கரு ஒத்துக்கொள்ளாது, போன ஊசிக்கு இரண்டு நாள் காய்ச்சல், இடது தொடையில் ஒரு வாரம் கட்டி இருந்தது என்று ஒப்பித்தேன். எல்லாவற்றையும் எழுதிக்கொண்டார். எழுதி முடித்துவிட்டு, "எதுக்கும் அம்மாகிட்ட ஒரு தடவ கேட்டுருவோமே" என்றார்.

போட்டேன். ஸ்பீக்கரில். "அலர்ஜியா? எனக்குச் சரியாத் தெரியாதுங்க. பக்கத்துல அவர் இருப்பாரே, அவர்கிட்டயே கேளுங்க" என்றாள்.

நர்ஸ் சிரிக்கவில்லை. நானும்தான்.

பிப்ரவரி 5, புதன்

லிப்ட் கம்பெனியை விட்டு இன்றோடு பதினான்கு மாதம். பன்னிரண்டு வருடம் லிப்ட் பழுது பார்த்தவன். எந்நேரமும் யாராவது எங்காவது மாட்டிக்கொண்டு கூப்பிடுவார்கள். சுண்டுவின் அம்மாவுக்கு ரத்தப் பரிசோதனைக் கூடத்தின் முழுப் பொறுப்பும் வந்தபோது இரண்டு பேரில் ஒருவர் வீட்டில் இருந்தாக வேண்டும் என்றானது. "நான் இருக்கேன்" என்றேன். யாரும் கட்டாயப்படுத்தவில்லை. இதை ஏன் எழுதி வைக்கிறேன் என்றால், கேட்பவர்கள் எல்லாரும் ஒன்று வேலை போய்விட்டது என்று முடிவு கட்டுகிறார்கள், இல்லாவிட்டால் உடம்புக்கு ஏதோ என்று.

அவளை வீட்டுக்காரி என்று எழுத வந்து நிறுத்திக்கொண்டேன். இப்போது வீட்டுக்காரன் நான்தானே.

மச்சினன் போன் செய்தான். "என்ன மாமா, இன்னைக்கு என்ன சமையல்?" எப்போது பேசினாலும் முதல் வாக்கியம் இதுதான். பிரசவ விடுப்பில் அவன் அக்கா ஆறு மாதம் வீட்டில் இருந்தாள். ஒரு நாளாவது அவளிடம் இதைக் கேட்டிருப்பானா?

பிப்ரவரி 7, வெள்ளி

பூங்காவில் சறுக்குமரத்துக்கு எதிரே இரண்டு பெஞ்சு. ஒன்றில் அம்மாக்கள் ஐந்து பேர் நெருக்கிக்கொண்டு உட்கார்ந்திருப்பார்கள். இன்னொன்றில் நான். ஆறாவதாக ஒருவர் வந்தால் நின்றுகொண்டே பேசுவார். நான் ஒருவன் உட்கார்ந்தாலே என் பெஞ்சு நிரம்பிவிடுகிறது.

மருந்துக் கடையில் வேலை செய்கிற ஓர் அம்மா மட்டும் என்னோடு பேசுவார். அவர் மகளை 'தொப்பி' என்று கூப்பிடுகிறாள் சுண்டு. மஞ்சள் தொப்பி, வெயில் இருந்தாலும் இல்லாவிட்டாலும் கழற்ற மாட்டாள். சுண்டுவுக்கு இருக்கும் ஒரே சிநேகிதி அவள்தான்.

"உங்க பொண்ணுக்கு யாரு ஜடை பின்றது? நல்லா இறுக்கமா நிக்குதே."

"நான்தாங்க."

"எனக்கும் சொல்லிக் குடுங்க. இவ தொப்பி போடுறதே நான் பின்ற லட்சணத்துக்காகத்தான்."

லிப்டின் இரும்பு வடத்தைப் பிரித்துப் பார்த்தால் பின்னல் தெரிந்துவிடும் என்றேன். சிரித்தார். அந்தப் பெஞ்சிலிருந்து, ஐந்து பேரில் ஒருவரான பல் டாக்டர் அவரைக் கூப்பிட்டார். போய்விட்டார்.

பிப்ரவரி 8, சனி

பூங்காவில் சுண்டுவுக்கு அவசரம். பெண்கள் கழிப்பறைக்குள் என்னை விட மாட்டார்கள். ஆண்கள் கழிப்பறைக்குள் அவளைக் கூட்டிப் போக எனக்கே மனம் வரவில்லை. செடி ஓரமாக உட்கார வைத்தேன். காவலாளி பார்த்துவிட்டு, "பொம்பளப் புள்ளைய இப்படியா சார்" என்றார். வேறு எப்படி என்று சொல்லவில்லை.

பிப்ரவரி 11, செவ்வாய்

சறுக்குமரத்து ஏணியில் நான்காவது படி ஆடுகிறது. சுண்டுவைத் தூக்கிவிடும்போது கையில் பட்டது. குனிந்து பார்த்தேன். இடது பக்கம் வெல்டிங் முழுக்க விட்டிருக்கிறது. வலது பக்கத்தில் கொஞ்சம் பிடிப்பு. அதுவும் எத்தனை நாளைக்கோ.

காவலாளியிடம் சொன்னேன். "பூங்கா ஆபீசுல எழுதிக் குடுங்க சார். போட்டோ இல்லாம வாங்க மாட்டாங்க" என்றார்.

பிப்ரவரி 12, புதன்

நடந்ததை நடந்தபடி எழுதிவிட வேண்டும்.

நாலரை மணி. ஏணியில் யாரும் இல்லாத நேரமாகப் பார்த்து, அதன் அடியில் உட்கார்ந்து, போனை மேலே பார்க்கப் பிடித்து இரண்டு படம் எடுத்தேன். மூன்றாவது எடுக்கும்போது ஒரு பிள்ளை ஏறிவிட்டது. அது மற்றவர்கள் கண்ணுக்கு எப்படித் தெரிந்திருக்கும் என்று இப்போது புரிகிறது. அப்போது எனக்குத் தெரிந்தது வெல்டிங் மட்டும்தான்.

"சார், என்ன எடுக்குறீங்க?" பல் டாக்டர்.

"படி விட்டிருக்குங்க. ஆபீசுக்கு—"

"போனக் காட்டுங்க."

ஐந்து பேரும் சுற்றி நின்றார்கள். நான் காவலாளியைப் பார்த்தேன். "போட்டோ எடுங்கன்னு நான் சொல்லல சார். ஆபீசுல கேப்பாங்கன்னுதான் சொன்னேன்" என்றார். அவரைச் சொல்லிக் குற்றமில்லை, அவருக்கு வேலை முக்கியம். இல்லை. குற்றம் இருக்கிறது. எதற்கு இங்கேயும் நல்லவனாக நடிக்கிறேன்?

போனைக் கொடுத்தேன். கொடுத்திருக்கக் கூடாது. கொடுக்காமல் இருந்திருந்தால் என்ன நினைத்திருப்பார்கள்?

அவர் படிகளின் படத்தோடு நிற்கவில்லை. விரலால் தள்ளிக்கொண்டே போனார். சுண்டு தூங்குவது. சுண்டு மூக்கில் மாவு. சுண்டு குளியல் தொட்டியில், தலையில் நுரையால் இரண்டு கொம்பு.

"இது யாரு?"

"என் பொண்ணு."

"குளிக்கிறத எதுக்கு எடுத்தீங்க?"

அவள் அம்மா வேலையிலிருந்து கேட்டாள், அனுப்பினேன். இதைச் சொல்லச் சொல்ல எனக்கே பொய் மாதிரி இருந்தது. சுண்டு என் காலைக் கட்டிக்கொண்டு நின்றாள். "இவர் உன் அப்பாதானே பாப்பா?" என்று ஒருவர் அவளிடம் குனிந்து கேட்டார். என் பிள்ளையிடம். நான் அவளுக்கு அப்பாவா என்று.

மருந்துக் கடைக்காரம்மா கொஞ்சம் தள்ளி நின்று தொப்பியின் தண்ணீர் பாட்டிலைத் திறந்து மூடித் திறந்துகொண்டிருந்தார்.

"அழிச்சிருங்க" என்றார் பல் டாக்டர். படிகளின் படம் மூன்றையும் அழித்தேன். நுரைக் கொம்பையும் அழித்தேன். அதை அவர் கேட்கக்கூட இல்லை.

வரும் வழியில் சுண்டு கேட்டாள்: "நாம என்னப்பா தப்பு பண்ணோம்?"

நாம.

பிப்ரவரி 13, வியாழன்

சுண்டுவின் அம்மா நேற்று இதைக் கேட்டதும் கொதித்தாள். "நான் வந்து நாலு கேள்வி கேக்குறேன்" என்றாள். இன்று காலை தலை வாரிக்கொண்டே, "நீங்களும் கொஞ்சம் யோசிச்சிருக்கலாம்" என்றாள். பையை எடுத்துக்கொண்டு கதவருகில் போய்த் திரும்பி, "அவ குளிக்கிற படமெல்லாம் இனிமே வேணாம்" என்றாள்.

கேட்டது யார்?

புகார் எழுதவில்லை. படம் இல்லாமல் வாங்க மாட்டார்களே. வார்த்தையில் எழுதியாவது கொடுக்கலாம். எழுதப் பிடிக்கவில்லை. அவர்கள் பிள்ளைகள்தானே ஏறுகின்றன. அவர்களே பார்த்துக்கொள்ளட்டும்.

பிப்ரவரி 19, புதன்

சுண்டு கெஞ்சியதால் பூங்காவுக்குப் போனோம். படி அப்படியேதான் இருக்கிறது. மூன்றாவது படியிலிருந்து ஐந்தாவதுக்குச் சுண்டுவைத் தூக்கித் தாண்டிவிடுகிறேன்.

பிப்ரவரி 24, திங்கள்

ஊஞ்சலிலிருந்து ஒரு பொடிசு விழுந்தது. தூக்கி மண்ணைத் தட்டிவிட்டேன். காவலாளி பக்கத்தில் வந்து மெதுவாக, "மத்தவங்க புள்ளைங்களத் தொடாதீங்க சார். எனக்குத்தான் வம்பு" என்றார்.

சரி. தொடவில்லை.

பிப்ரவரி 26, புதன்

தொப்பி விழுந்துவிட்டாள்.

நான்காவது படி. நான் பக்கத்தில்தான் நின்றேன். சுண்டு மேலே போய்விட்டாள், அவள் பின்னாலேயே இவளும் ஏறினாள். படி ஒரு பக்கமாகத் தொங்கியது. ஒரு கையால் கம்பியைப் பிடித்துக்கொண்டு தொங்கினாள். அழக்கூட இல்லை, என்னைப் பார்த்தாள். இரண்டு நொடி இருக்கும். கை நீட்டினால் இடுப்பைப் பிடித்திருக்கலாம். என் கை போனது. போய் நின்றது. "யாராவது வாங்க" என்று கத்தினேன். நானே அங்கே நின்றுகொண்டு.

விழுந்தாள். முழங்கைக்குக் கீழே எலும்பு ஒடிந்திருக்கிறது. முகவாயில் கிழிந்து ரத்தம்.

அவள் அம்மா ஓடிவந்து அள்ளிக்கொண்டு போனார். பல் டாக்டர் என்னிடம் வந்து, "பக்கத்துலயே நின்னுக்கிட்டு வேடிக்கை பாக்குறீங்களே. நீங்கெல்லாம் ஒரு மனுஷனா?" என்றார்.

தொட்டால் ஒரு மாதிரி, தொடாவிட்டால் ஒரு மாதிரி. இதைச் சொல்லிக்கொள்ள நன்றாகத்தான் இருக்கிறது. ஆனால் அந்தப் பிள்ளை என்னைப் பார்த்தாளே.

பிப்ரவரி 27, வியாழன்

சாப்பிடும்போது சுண்டு கேட்டாள். "அந்தப் படி உடைஞ்சிருந்துச்சுன்னு உங்களுக்குத் தெரியும்ல?"

"தெரியும்."

"அதனாலதான என்னத் தாண்டி விட்டீங்க?"

"ஆமா."

கொஞ்ச நேரம் மென்றாள். "தொப்பியையும் தாண்டி விட்டிருக்கலாம்ல."

பிப்ரவரி 28, வெள்ளி

புகார் எழுதிக்கொண்டு ஆபீசுக்குப் போனேன். மேஜையில் இருந்தவர் மேலோட்டமாகப் படித்துவிட்டு, எப்போது பார்த்தீர்கள் என்றார். பதினோராம் தேதி என்றேன். "அப்பவே ஏன் சொல்லல?" என்றார். பதில் பெரியது. அவருக்குப் பின்னால் ஆறு பேர் வரிசையில் நின்றார்கள். இல்லை, எனக்குப் பின்னால். கையெழுத்துப் போட்டுவிட்டு வந்தேன்.

மார்ச் 1, சனி

மருந்துக் கடைக்குப் போனேன். கூட்டம் குறையும் வரை வெளியே நின்றேன். அவர் பார்த்துவிட்டு, தானே ஓரமாக வந்தார்.

"கை எப்படி இருக்கு?"

"கட்டு போட்டிருக்கு. ஆறு வாரமாம்."

"அந்தப் படி விட்டிருந்தது, அவ விழுறதுக்குப் பதினஞ்சு நாள் முன்னாலயே எனக்குத் தெரியும்" என்றேன்.

மாத்திரை அட்டையை உறையில் போட்டுக்கொண்டிருந்தவர் நிறுத்தினார். "அன்னைக்கு நீங்க எடுத்த போட்டோ?"

"அதைத்தான் எடுத்தேன்."

"அப்புறம் ஏன் யார்கிட்டயும் சொல்லல? என்கிட்டயாவது?"

"கோவம்" என்றேன். அதைவிட நல்ல வார்த்தை கிடைக்கவில்லை, தேடவும் இல்லை.

உறையை மடித்து ஒட்டினார். ஒட்டிய இடத்தை நகத்தால் திரும்பத் திரும்பத் தேய்த்தார். "அன்னைக்கு உங்களுக்காக நான் ஒரு வார்த்தை பேசியிருக்கணும். பேசல. வீட்டுக்குப் போய் அதையே நினைச்சுக்கிட்டிருந்தேன். ஆனா அதுக்கும் இதுக்கும் சரியாப்போச்சுன்னு என்னால நினைக்க முடியலங்க. ஒடிஞ்சது என் பொண்ணு கை."

"எனக்குத் தெரியும்."

"நீங்க வேற கடையில மருந்து வாங்கிக்கங்க" என்றார். குரல் உயரவே இல்லை. பேசுகிற ஒரே ஆளும் போயாயிற்று. அந்தப் பெஞ்சுக்காரர்கள் யாரும் பிடுங்கவில்லை. நானே கொண்டுபோய்க் கொடுத்துவிட்டு வந்தேன்.

மார்ச் 3, திங்கள்

வேலையிலிருந்து வந்ததும் அவளிடம் எல்லாவற்றையும் சொன்னேன். "நீங்களா இப்படி?" என்றாள். நானேதான்.

மார்ச் 12, புதன்

பூங்காவில் புதுப் பலகை வைத்திருக்கிறார்கள். பாதுகாப்புக் காரணங்களுக்காகக் குழந்தைகள் விளையாடும் பகுதிக்குள் தாய்மார்களுக்கு மட்டும் அனுமதி. எழுத்தெல்லாம் பளிச்சென்று இருக்கிறது. நான்காவது படியை நைலான் கயிற்றால் கட்டியிருக்கிறார்கள்.

"இதுக்கும் அதுக்கும் என்ன சம்பந்தம்? படியச் சரி பண்ணாம போர்டு வச்சா ஆச்சா?" என்று கேட்டேன்.

"ஆர்டர் சார்" என்றார் காவலாளி. "நிறைய அம்மாங்க கையெழுத்து போட்டுக் குடுத்திருக்காங்க. வேணும்னா பாப்பாவ மட்டும் உள்ள விடுங்க, நான் பாத்துக்கறேன்."

வேண்டாம் என்றேன். என் பிள்ளையை எப்படி யாரோ ஒரு ஆம்பளையிடம் விடுவது?

வீட்டுக்கு வந்த பிறகுதான் உறைத்தது, என்ன நினைத்தேன் என்று.

மார்ச் 20, வியாழன்

மாடிப்படியில் விளையாடுகிறோம். ஏறுவது, இறங்குவது. பதினெட்டுப் படி.

ஏப்ரல் 6, ஞாயிறு

இரண்டு தெரு தள்ளிப் பிள்ளைகளுக்கென்று படம் வரையச் சொல்லித் தரும் இடம் ஒன்று திறந்திருக்கிறார்களாம். அவள் வேலை செய்யும் இடத்தில் யாரோ சொன்னார்கள். சனிக்கிழமைதோறும் ஒரு மணி நேரம். தோசை சுடுவது மாதிரி எல்லாரையும் ஒரே படத்தை வரைய வைக்க மாட்டார்கள், பிள்ளைகள் இஷ்டத்துக்கு விடுவார்கள் என்றாள்.

கலர் பென்சிலா, பெயிண்டா என்று சுண்டு கேட்பாள் என்று காத்திருந்தோம்.

"அங்க அப்பாவ உள்ள விடுவாங்களா?"

அவள் அம்மா என்னைப் பார்த்தாள். நான் தட்டைப் பார்த்தேன். சுண்டு எங்கள் இருவரையும் பார்த்துவிட்டு, தானே ஒரு முடிவுக்கு வந்தாள்.

"விடலன்னா அப்பா வெளிய நிக்கட்டும். நான் ஜன்னல் வழியா அப்பப்ப கை ஆட்டுறேன்." பிறகு என்னிடம், "ஜன்னல் எந்தப் பக்கம் இருக்குப்பா?"

"தெரியலையே."

"போய்ப் பாத்து வச்சுக்கங்க."

மாலையில் கடைக்குப் போகும் வழியில் போய்ப் பார்த்தேன். உள்ளே விளக்கு எரிந்தது, ஆள் இருந்தார்கள். போய்க் கேட்கவில்லை. தெருப் பக்கம் இரண்டு ஜன்னல். இரண்டாவதுக்கு எதிரே நிற்க இடம் இருக்கிறது.