வருத்தம் பார்க்க வந்தவர்கள்

ஜனவரி 9, செவ்வாய்

மாதம் பிறந்த கையோடு பகல் டேட்டா முடிந்துவிட்டதாம். கொம்பனியிலிருந்து குறுஞ்செய்தி வந்திருக்கிறது. "அன்பான வாடிக்கையாளரே" என்று தொடங்குகிறது. விடத்தல்தீவில் என்னோடு இவ்வளவு அன்பாக வேறு யாரும் கதைப்பதில்லை.

படிப்பிக்கிற முன்பள்ளியால் வந்து செருப்பைக் கழற்றவில்லை, தம்பி டினேஷின் கோல். பிரான்சில் இருந்து. "அக்கா, கமரா வேலை செய்யேல்ல. வட்டம்தான் சுத்திக்கொண்டு நிக்குது. அப்பா எப்பிடி இருக்கிறார்?" அப்பா நன்றாகத்தான் இருக்கிறார் என்றேன். நன்றாக என்றால், ஒக்டோபரில் பாரிசவாதம் அடித்து விழுந்த மனிதன் எப்படி இருப்பாரோ அப்படி. வலப்பக்கம் இல்லை. பேச்சும் இல்லை. ஒரே ஒரு சொல் மட்டும் மிஞ்சியிருக்கிறது: "எப்ப?" டினேஷ் எப்ப வாறான் என்று அர்த்தம். வேறு எதையும் அப்பா கேட்பதில்லை.

டினேஷ் வரமாட்டான். வர ஏலாது. அவனுடைய அகதி வழக்கை அங்கே தள்ளிவிட்டார்கள். விசா இல்லை, கள்ளமாய் ஒரு உணவகத்துக் குசினியில் நிற்கிறான். வெளிக்கிட்டால் திரும்பிப் போக வழியில்லை, அவன் அனுப்பும் காசில்தான் அப்பாவின் மருந்தும். அதனால்தான் அந்தக் கமராவை வாங்கி அனுப்பி, அலுமாரிக்கு மேலே அப்பாவின் கட்டிலைப் பார்த்தபடி வைக்கச் சொன்னான். அவனுக்கு வீட்டுக்கு வர இருக்கிற ஒரே வழி அது. அதுவும் இப்போது அடைபட்டுப் போச்சு.

ஜனவரி 11, வியாழன்

இரவு டேட்டா அப்படியே கிடக்கிறது. நடுச்சாமத்திலிருந்து விடியும்வரை எவ்வளவும் பாவிக்கலாமாம். அந்நேரம் அப்பா நித்திரை, அறை இருட்டு. நோய் வருத்தக்காரர் பகலில்தான் முழித்திருப்பார்கள் என்று கொம்பனிக்கு யார் சொல்வது?

பகல் டேட்டாவை யார் இவ்வளவு கெதியாக முடிப்பது? எனக்கு ஒரு சந்தேகம் இருக்கிறது. எழுதவே கூச்சமாக இருக்கிறது. பக்கத்து வீட்டு இராசேஸ்வரி அக்கா. நான் முன்பள்ளிக்குப் போகும் நேரம் அப்பாவோடு வந்து இருப்பவர். இந்தியாவில் மண்டபம் அகதி முகாமிலிருந்து திரும்பி வந்தபோது அவருடைய மகள் அங்கேயே கலியாணம் கட்டி நின்றுவிட்டாள். எங்கள் வைஃபையில்தான் மகளோடு கதைப்பார். போன கிழமையும் விறாந்தையில் இருந்து சிரித்துச் சிரித்துக் கதைத்தார்.

ஜனவரி 12, வெள்ளி

வைஃபை பாஸ்வேர்டை மாற்றிவிட்டேன். சொல்லவில்லை.

ஜனவரி 15, திங்கள்

இராசேஸ்வரி அக்கா இன்றைக்கும் வந்தார். விறாந்தையில் போனை எடுத்து அழுத்திப் பார்த்தார், பிறகு பையில் வைத்தார். ஒன்றும் கேட்கவில்லை. அப்பாவுக்குக் கஞ்சி பருக்கிவிட்டு, வாயைத் துடைத்துவிட்டு, வழமைபோலப் போனார். நான் சண்டைக்கு ஆயத்தமாக நின்றேன். சண்டை வரவில்லை. அதுதான் கூடக் குத்துகிறது.

ஜனவரி 20, சனி

மன்னாருக்குப் போனேன். பஸ் நிலையத்துக்குப் பக்கத்தில் போன் கடை வைத்திருக்கும் நிப்ராஸ்தான் கமராவைப் பொருத்தித் தந்தவர். வாசலில் படுத்திருந்த கழுதையைச் சுற்றிக்கொண்டு உள்ளே போய் விசயத்தைச் சொன்னேன். என்னுடைய போனை வாங்கி, கமராவின் அப்பைத் திறந்து, எங்கேயோ ஒரு மூலையில் அழுத்தினார். பெயர்கள் இறங்கிக்கொண்டே போயின. கனடா மாக்கிறட் மாமி. அவவின் மருமக்கள். லண்டன் றொட்னி. சுவிஸ் சித்தப்பா வீடு. இன்னும் யார் யாரோ.

"ஒவ்வொருத்தர் பாக்கிறதும் தனித்தனியா உங்கட டேட்டாவிலதான் போகுது அக்கா," என்றார் நிப்ராஸ். "இவ்வளவு பேர் பாக்கிற யூடியூப் சனல் எனக்கிருந்தா நான் கடையப் பூட்டிட்டு வீட்டில இருப்பன்."

டினேஷ்தான். அப்பாவை எல்லாரும் பார்க்கட்டும் என்று கிறிஸ்துமசுக்கு முதலே குடும்ப வட்ஸ்அப் குறூப்பில் கமராவின் பாஸ்வேர்டைப் போட்டிருக்கிறான். ஒரு நாளைக்கு ஐம்பது நவநாள் செபம் வருகிறது என்று நான் அந்தக் குறூப்பின் சத்தத்தை நிறுத்தி வைத்திருந்தேன். வீட்டுக்குள் ஊரே வந்து இருந்திருக்கிறது. நான் சட்டை மாற்றியதும், அப்பாவுக்கு உடம்பு துடைத்ததும்... நினைக்கவே மேல் கூசுகிறது.

பின்னேரம் இராசேஸ்வரி அக்காவிடம் போய் வைஃபையின் புதுப் பாஸ்வேர்டைக் கொடுத்தேன். ஏன் மாற்றினேன் என்று சொல்ல வாய் வரவில்லை. அவர் சொன்னார்: "இருக்கட்டும் எடித். அங்க வருத்தக்காரர் இருக்கிறார், கொஞ்ச நாளைக்கு எடுக்கமாட்டன் எண்டு மகளுக்குச் சொல்லிப்போட்டன்." நான் தலையைக் குனிந்துகொண்டு வந்தேன்.

ஜனவரி 21, ஞாயிறு

பூசை முடிந்து வந்து குறூப்பில் எழுதினேன். எவ்வளவு பணிவாக எழுதலாமோ அவ்வளவு பணிவாக. டேட்டா குறைவு, அப்பாவும் டினேஷும் ஆளையாள் பார்க்க முடியாமல் இருக்கிறது, தயவுசெய்து மற்றவர்கள் கோலில் விசாரியுங்கள் என்று.

கனடா மாக்கிறட் மாமி குரல்பதிவில் பதில் அனுப்பினா. அப்பாவின் கூடப்பிறந்த ஒரே தங்கை. "வருத்தம் பாக்க வாற சனத்தை வாசலில மறிச்ச வீடு எங்கட பரம்பரையில இல்லை. என்ர அண்ணாவைப் பாக்க நான் உன்னட்டை அனுமதி கேக்க வேணுமோ?"

வருத்தம் பார்க்க வருகிறவர்களுக்குக் கதவைச் சாத்தக் கூடாது. கோபதாபத்தில் இருக்கிறவர்கூட வந்தால் கதிரை போட வேண்டும். அப்படித்தான் நானும் வளர்ந்தேன். ஆனால் ஊரில் வருகிறவர்கள் ஒரு பக்கற் பிஸ்கட்டோடு வந்து, தேத்தண்ணியைக் குடித்துவிட்டுப் போவார்கள். இவர்கள் போவதே இல்லையே. மாமி சமைக்கும்போதும் கமராவைத் திறந்து பக்கத்தில் வைத்திருப்பாவாம், அண்ணா கூட இருக்கிற மாதிரி இருக்குமாம்.

நியாயத்தையும் எழுதத்தான் வேண்டும். டேட்டா இருக்கிற நாளில் பொழுதுபட, மாமி கமராவுக்குள்ளிருந்து செபமாலை சொல்வா. நான் அது டினேஷ் போட்டுவிட்ட ஏதோ பதிவு என்று இருந்தேன். அந்நேரம் அப்பாவின் சொண்டும் செபத்தோடு சேர்ந்து அசையும்.

ஜனவரி 23, செவ்வாய்

கமரா அப்பிலிருந்து எல்லாரையும் நீக்கிவிட்டேன். டினேஷ் மட்டும்.

பொழுதுபட்டதும் அப்பா அலுமாரிப் பக்கம் பார்த்துக்கொண்டே கிடந்தார். நானே செபமாலை சொன்னேன். சொண்டு அசையவில்லை.

பெப்ரவரி 6, செவ்வாய்

புது மாதம், புது டேட்டா. இந்த ஐந்தாறு நாளும் மத்தியானங்களில் டினேஷ் வந்தான். வேலைக்குப் போக முன் கமராவுக்குள்ளால் கதைக்கிறான். அப்பா இடக்கையைத் தூக்குகிறார். "எப்ப?" "கெதியா வாறன் அப்பா. இந்த முறை விசா கிடைச்சிடும்." பத்து வருசமாக அதே பதில். பிறகு எனக்குத் தனியாக எடுத்து அழுகிறான். "பொய் சொல்லிச் சொல்லி வாய் புளிச்சுப் போச்சு அக்கா. அப்பாவின்ர முகத்தைப் பாத்து உண்மையைச் சொல்ல ஏலாமல் கிடக்கு." சொல்லாதே என்றும் சொல்லவில்லை, சொல்லு என்றும் சொல்லவில்லை. எனக்கென்ன தெரியும்.

பெப்ரவரி 14, புதன்

விபூதிப் புதன். மாமியிடமிருந்து ஒரு சொல் இல்லை. குடும்பத்தில் யாருமே என்னோடு கதைப்பதில்லை. சொந்தத்தை வெட்டிவிட்டவள் என்று பெயர் எடுத்துவிட்டேன்.

பெப்ரவரி 17, சனி

டேட்டா முடிந்தது. மறுபடியும். அப்பைத் திறந்து பார்த்தால் எல்லாரும் உள்ளே இருக்கிறார்கள்.

டினேஷிடம் கத்தினேன். அவன் அடங்கிய குரலில் சொன்னான்: "மாமி அழுதவ அக்கா. என்னைக் காசு கட்டி வெளிநாட்டுக்கு எடுத்து விட்டவ அவதான். அவவுக்கு நான் எப்பிடி இல்லை எண்டு சொல்லுறது?" மாமிக்குக் கொடுத்ததும் மற்றவர்களும் கேட்டிருக்கிறார்கள். ஒருத்தருக்குக் கொடுத்து ஒருத்தருக்கு மறுக்க அவனால் முடியவில்லை. நானாக இருந்தாலும் கொடுத்திருப்பேன். அதுதான் ஆத்திரம்.

பெப்ரவரி 19, திங்கள்

கொம்பனிக்குக் கோல் எடுத்தேன். தமிழுக்கு இரண்டை அழுத்தினேன், பாட்டுக் கேட்டேன், திரும்ப இரண்டை அழுத்தினேன். கடைசியில் ஒரு பிள்ளை வந்தது. எல்லை இல்லாத கேபிள் இணைப்பு எங்கள் பக்கத்துக்கு இன்னும் வரவில்லையாம். வந்ததும் அறிவிப்பார்களாம். அப்பா படுக்கையில் என்று சொன்னேன். "விளங்குது மிஸ்," என்றது. பாவம், அதுதான் என்ன செய்யும்? மேலதிக டேட்டா போட்டேன். அதுவும் நாலு நாளைக்குக் காணாது.

பெப்ரவரி 26, திங்கள்

அப்பா இரண்டு நாளாகக் கஞ்சியையும் விழுங்கவில்லை. மன்னார் ஆஸ்பத்திரிக்கு ஏற்றிக்கொண்டு போனோம். வயதான டொக்டர், நல்ல மனிதன். வீட்டில் வைத்துப் பாருங்கோ என்று தாழ்ந்த குரலில் சொன்னார். இராசேஸ்வரி அக்கா வரும் வழியெல்லாம் என் கையை விடவில்லை.

பெப்ரவரி 27, செவ்வாய்

நாளைக்குப் பாதர் வந்து எண்ணெய் பூசி நோயில்பூசுதல் கொடுப்பார். டினேஷ் கேட்டது ஒன்றுதான்: "அந்த நேரம் மட்டும் எனக்குப் படம் வரவேணும் அக்கா." மேலதிகமாக ஒன்று போட்டு வைத்திருக்கிறேன். நீ மட்டும் பார், தம்பி, வேறு யாருக்கும் சொல்லாதே என்றேன். ஓம் என்றான்.

பெப்ரவரி 28, புதன்

அப்பா போய்விட்டார். பாதர் போய்ச் சற்று நேரத்தில்.

மார்ச் 2, சனி

நேற்று அடக்கம். கோயிலிலிருந்தும் குழி வெட்டிய சேமக்காலையிலிருந்தும் வீடியோக்காரர் தங்களுடைய இணைப்பில் அனுப்பினார்கள். படம் கண்ணாடி மாதிரி இருந்ததாம். உயிரோடு இருந்த மனிதனைக் காட்டத்தான் எங்களிடம் டேட்டா இல்லை.

புதன்கிழமை நடந்ததை எழுதி வைக்க வேண்டும். டினேஷ் சொல்லாமல் இருப்பானா? குறூப்பில் போட்டுவிட்டான், எல்லாரும் அப்பாவுக்காக மன்றாடுங்கோ என்று. எல்லாரும் வந்துவிட்டார்கள். மெழுகுதிரி அணையக்கூடாது என்று மின்விசிறியை நிறுத்திவிட்டு, நான் பனையோலை விசிறியால் அப்பாவுக்கு விசிறிக்கொண்டிருந்தேன். பாதர் நெற்றியிலும் கையிலும் எண்ணெய் பூசினார். அப்பா கண்ணைத் திறந்து நேரே கமராவைப் பார்த்தார். பாதர் வெளியே மோட்டார் சைக்கிளை ஸ்ராட் பண்ணும்போது என் போனில் சத்தம். "அன்பான வாடிக்கையாளரே." டேட்டா முடிந்ததாம். நான் எடுத்துப் பார்த்துவிட்டு வைத்தேன். அந்நேரம் அப்பா கண்ணை மூடிவிட்டார். பிறகு திறக்கவே இல்லை. என்னுடைய கையைப் பிடித்தபடி, சத்தமில்லாமல், போனார்.

இன்றைக்கு டினேஷ் எடுத்தான். குரல் வேறு மாதிரி இருந்தது. அழுது தெளிந்த குரல்.

"பாதர் போனாப் பிறகு அப்பா என்னையேதான் பாத்தவர் அக்கா. அவ்வளவு நேரமும் கண்ணை எடுக்கேல்ல. நான் எல்லாத்தையும் சொல்லிப்போட்டன். விசா கிடைக்காது, பத்து வருசமாப் பொய் சொன்னனான், வரமாட்டன், மன்னியுங்கோ எண்டு. அவருக்குக் கோவம் வரேல்ல. அமைதியாக் கேட்டுக்கொண்டு இருந்தவர்."

பாதர் போன பிறகு அந்தக் கமராவிலிருந்து ஒரு சொல்கூட அறைக்குள் வரவில்லை. மெழுகுதிரி எரிகிற சத்தம் கேட்கிற அளவுக்கு அறை அமைதியாக இருந்தது.

"என்ர குரல் அங்க கேட்டதுதானே அக்கா?"

"ஓம் தம்பி. கேட்டது."

கடவுளே, தவக்காலத்தில் பொய் சொன்னேன். திரும்பக் கேட்டாலும் அதைத்தான் சொல்வேன்.

மார்ச் 4, திங்கள்

மாமி எடுத்தா. ஜனவரிக்குப் பிறகு முதல் தரம். கொஞ்ச நேரம் இரண்டு பேரும் அழுதோம். என்னை ஏசியதற்கு மன்னிப்புக் கேட்கவில்லை, நானும் எதிர்பார்க்கவில்லை. அப்பாவுக்கு எந்த உடுப்புப் போட்டேன், யார் யார் தூக்கினார்கள் என்று எல்லாம் விசாரித்தா. பிறகு குரலைத் தாழ்த்தினா.

"பிள்ளை, ஒண்டு கேக்கிறன். கடைசி நேரம் படம் நிண்டதெல்லோ? அண்ணா கண்ணை முழிச்சபடி. நானும் அவர் பாக்கிறார் எண்டு இருந்தன். பிறகு பாத்தால் உன்ர கை விசிறியோட மேல நிண்டபடியே நிக்குது. இறங்கேல்ல. வட்டம்கூடச் சுத்தேல்ல. எல்லாருக்கும் அப்பிடியோ? டினேசுக்குமோ?"

டினேஷ் என் கையைப் பார்த்திருக்கமாட்டான். அப்பாவின் கண்ணை மட்டும்தான் பார்த்திருப்பான்.

"இல்லை மாமி," என்றேன். "அவனுக்குப் படம் வந்தது. அப்பாவோட கதைச்சவன். உங்கட பக்கம்தான் நிண்டிருக்கு."

அங்கே யாரோ கதவைத் திறந்து மூடுவது கேட்டது.

"ஓம் பிள்ளை," என்றா. "எங்கட பக்கம்தான் பிழை. இஞ்ச நெட் சரியில்லை."

கனடாவில் நெட் சரியில்லை என்று இன்றுதான் கேள்விப்படுகிறேன்.

பின்னேரம் குறூப்பைத் திறந்து பார்த்தேன். மாமி எழுதியிருந்தா: "அன்று எங்கள் வீட்டில் நெட் நின்றுவிட்டது. அண்ணாவின் கடைசி நேரத்தை நான் பார்க்கவில்லை. டினேஷ் பார்த்தவன்." றொட்னியும் சித்தப்பா வீட்டாரும் ஒருவர் பின் ஒருவராகத் தங்களுக்கும் அன்று நெட் இல்லை என்று எழுதியிருந்தார்கள். எல்லாவற்றுக்கும் கீழே டினேஷ் கும்பிடும் கை ஒன்று போட்டிருந்தான்.