வாளிக்குள் போட்ட பலகைத் துண்டு

அன்புள்ள அண்ணைக்கு,

அப்பாவின் கட்டிலுக்குத் தலைமாட்டுச் சுவரில் பெயின்ற் கொப்பளித்திருப்பதை நேற்றுக் கண்டேன். அப்பாவால் இனிக் கிணற்றடிக்கு நடக்க முடியாது என்று நீங்கள் கட்டுவித்த குளியலறை அந்தச் சுவரின் மறுபக்கம்தான்; அங்கே குளிக்கிற தண்ணீர்தான் சுவரில் ஊறுகிறது. அவருடைய இருமலும் கூடியிருக்கிறது.

நீங்கள் அங்கிருந்து படம் பார்த்துத் தெரிவுசெய்த பூப்போட்ட பலகையை நேற்றுக் குளியலறைச் சுவரில் அடிப்பதற்காக மேசன் ஏரம்பையா வெட்டிக்கொண்டிருந்தார். நான் பலகையையே பார்த்துக்கொண்டு நின்றேன்.

“என்ன பிள்ளை, பலகைக்குக் கண்ணூறு படப்போகுது” என்று பகிடி விட்டார்.

அவர் போனதும் ஒரு வெட்டுத்துண்டை அப்பா குளிக்கும் வாளித் தண்ணீருக்குள் போட்டேன். இன்று காலை அது தேநீரில் தோய்த்த பிஸ்கற் போல ஊதிக் கிடந்தது. ஏரம்பையா வந்ததும் அவர் கையில் கொடுத்தேன்.

“பள்ளிக்கூடத்தை விட்டாலும் பரிசோதனையை நீ விடேல்லை” என்று சிரித்தார். பிறகு துண்டை விரலால் அழுத்திப் பார்த்தார். “ஓம், உது ஈரத்துக்குச் சரிவராது. தண்ணி ஊறாத பூச்சு பூசி, கூரை வரைக்கும் ரைல்ஸ் ஒட்டவேணும். ஆனா உன்ரை அண்ணை ஆசைப்பட்ட சாமானெல்லே. அவரிட்டை ஆர் சொல்லுறது?”

“நான் சொல்லுறன்” என்றேன்.

போனில் உங்கள் குரலைக் கேட்டால் எனக்கு ‘ஓம்’ மட்டும்தான் வரும். அதனால், அப்பாவோடு சேர்த்துக் கட்டிலைச் சுவரைவிட்டு இழுத்துவிட்டு, இதை எழுத உட்கார்ந்தேன்.

அன்புடன்,
உங்கள் தங்கச்சி